கடைசிப் பந்தி

காலி இடம் இருந்தால்தான் இவர்களுக்கு ஆகாயப் பயணம்!

அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள விமான நிலையத்துக்கு ஆண்டுதோறும் 10 கோடிக்கும் அதிகமான பிரயாணிகள் வந்து போகிறார்கள். உலகத்திலேயே கூட்டம் மிகுந்த விமான நிலையம் அது.

மாலை நேரம். சியாட்டில் நகருக்குச் செல்லும் விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. சுமார் 5 மணி நேரப் பயணம். பிரயாணிகள் வரிசையாக உள்ளே போகிறார்கள்.

ஒரு தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இரு பக்கமும் இரண்டு குழந்தைகள். மூவரும் பாங்காக உடுத்தியிருக்கிறார்கள். மூவரிடமும் சின்னச் சின்னப் பைகள். வாசலுக்கு மேலே ஒரு திரை. அதில் சில பெயர்கள் தெரிகின்றன. தாயின் கண்கள் அந்தத் திரையை விட்டு அகலவில்லை.

"அம்மா, நாம் எப்போது ஏறுவது?" என்று கேட்கிறான் சிறுவன்.

"கூப்பிடுவார்கள், கண்ணே!"

"கூப்பிடாவிட்டால்?"

தாய் பதில் சொல்லவில்லை.

யார் இந்தப் பெண்? டிக்கெட் இல்லாமல் வந்தவரா? வழி தெரியாமல் வந்தவரா? இல்லை! அந்த விமானம் எந்தக் கம்பெனியைச் சேர்ந்ததோ, அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் அவர். சொந்தக் கம்பெனி விமானத்தில் இனாமாகப் பறக்கும் உரிமை பெற்றவர். ஆனாலும் காத்திருக்கிறார்!

இப்படி ஒரு காட்சியை அமெரிக்க விமான நிலையங்களில் தினமும் பார்க்கலாம்.

வீட்டாருக்குக் கடைசி இலை

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். முதல் பந்தியில் யார் உட்காருவார்கள்? விருந்தாளிகள்! மாப்பிள்ளை வீட்டார், ஊர்ப் பெரியவர்கள், அழைப்புக்கு வந்தவர்கள். விடிந்தது முதல் ஓடியாடி வேலை செய்த வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். சில சமயம் பாயசம் இருக்கும். சில சமயம் ரசம் மட்டுமே இருக்கும்.

விமானக் கம்பெனிகளிலும் அதே முறைதான். பணம் கொடுத்தவர் விருந்தாளி. சிப்பந்தி வீட்டுக்காரர். விருந்தாளிகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு இடம் மிச்சம் இருந்தால், சிப்பந்திக்கு ஒரு சீட்டு. மிச்சம் இல்லை என்றால், அடுத்த விமானம். அதிலும் இல்லை என்றால், அதற்கு அடுத்த விமானம்!

இதற்கு ஆங்கிலத்தில் "ஸ்டாண்ட்-பை" என்று பெயர். "அருகிலேயே தயாராக நில்" என்பது அதன் பொருள். இப்படிப் போகிறவர்களை விமானக் கம்பெனிக்காரர்கள் "நான்-ரெவ்" என்று செல்லமாகச் சொல்வார்கள். "கம்பெனிக்கு வருமானம் தராத பிரயாணி" என்பதன் சுருக்கம் அது.

நம் நாட்டில் ரெயில்வே ஊழியர்களுக்குப் பாஸ் உண்டு. அந்தப் பாஸைக் காட்டி முன்பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்க விமான ஊழியரின் பாஸில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. பயணம் இனாம். ஆனால், இடம் நிச்சயம் இல்லை!

அழுகும் சரக்கு

விமானக் கம்பெனிகள் ஏன் இந்தச் சலுகையைக் கொடுக்கின்றன?

காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் காரணம் புரியும். இன்று விற்காத தக்காளி நாளை அழுகிவிடும். விமானத்தின் காலி சீட்டு அதைவிட மோசம். கதவைச் சாத்திய மறு நிமிடமே அது அழுகிவிடுகிறது! புறப்பட்டுப் போன விமானத்தின் சீட்டை உலகத்தில் யாராலும் விற்க முடியாது.

அந்தச் சீட்டில் ஓர் ஊழியரை உட்கார வைத்தால் கம்பெனிக்கு என்ன செலவு? அவருடைய எடைக்குக் கொஞ்சம் எரிபொருள். ஒரு கோப்பை காப்பி. அவ்வளவுதான்! ஊழியருக்கோ பெரிய பணம் மிச்சம். சம்பளம் கொஞ்சமாக இருந்தாலும், "உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாம்" என்ற ஆசையில் பல வாலிபர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

இதை அமெரிக்கச் சர்க்காரும் ஒப்புக்கொண்டது. 1984-ம் ஆண்டில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. "முதலாளிக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் செலவு இல்லாமல் ஊழியருக்குக் கொடுக்கும் சேவைக்கு வரி கிடையாது" என்பது அதன் சாரம். ஊழியருக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், அவரை நம்பி வாழும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இதில் ஒரு வேடிக்கை! இத்தகைய சலுகைகளில் பெற்றோருக்குப் பொதுவாக இடம் இல்லை. விமானப் பயணத்தில் மட்டும் தாய் தந்தையரையும் சேர்த்துக்கொள்கிறது சட்டம்.

காலி இடத்தை நிரப்பும் வரைதான் இந்த வரி விலக்கு. பணம் கொடுக்கும் பிரயாணியை ஒதுக்கிவிட்டு ஊழியரை ஏற்றினால், கம்பெனிக்கு நஷ்டம் வருகிறதே! ஆகவே காத்திருப்பது வெறும் மரியாதை அல்ல. சலுகையின் அஸ்திவாரமே அதுதான்.

யார் முதலில்? யார் பிறகு?

காத்திருப்போர் பட்டியலுக்கும் ஒரு வரிசை உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

முதலில், பணம் கொடுத்துக் காத்திருக்கும் பிரயாணிகள். முந்தைய விமானத்தைத் தவறவிட்டவர்களும் இதில் அடக்கம்.

அடுத்து, கம்பெனியின் சொந்த ஊழியர்கள். அவர்களோடு வரும் குடும்பத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள், பெற்றோர்கள். கடைசியில், ஊழியரின் நண்பர்களும் வேறு கம்பெனி ஊழியர்களும்.

ஒரே படியில் பத்துப் பேர் இருந்தால்? சில கம்பெனிகள் சேவைக் காலத்தைப் பார்க்கின்றன. 30 ஆண்டு வேலை செய்தவர் முன்னால். நேற்றுச் சேர்ந்தவர் பின்னால். வேறு சில கம்பெனிகள் யார் முதலில் பெயர் கொடுத்தார் என்று பார்க்கின்றன. அங்கே, விமானம் புறப்படுவதற்குச் சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது ஊழியர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்!

"சேவைக் காலமே நியாயம்" என்பார் மூத்தவர். "அப்படியானால் புதியவன் என்றைக்குத்தான் பறப்பது?" என்பார் இளையவர். இந்த வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை.

ஒரு சிறு கணக்கு

அட்லாண்டாவில் காத்திருக்கும் தாயின் நிலைமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விமானத்தில் 180 இடம். நேற்று இரவு வரை 155 இடங்கள் விற்றிருந்தன. மிச்சம் 25. ஊழியர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள முடியும். தாய் பார்த்தார். "25 இடம் காலி! கவலை இல்லை!" என்று குழந்தைகளோடு சந்தோஷமாகப் பை கட்டினார்.

காலையில் இடி மழை பிடித்தது. முந்தைய விமானம் ரத்து ஆனது. அதில் போக வேண்டியவர்களில் 20 பேரை இந்த விமானத்தில் ஏற்றினார்கள். மிச்சம் 5.

கடைசி நேரத்தில், இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட 3 பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். மிச்சம் 2.

தாயும் பிள்ளைகளும் 3 பேர்!

இப்படித்தான் நேற்று இரவு இருந்த 25 இடம், இன்று மாலைக்குள் மாயமாய் மறைந்துபோகிறது.

இடம் இருந்தும் இடம் இல்லை!

இதைவிட வேதனை ஒன்று உண்டு. உள்ளே சீட்டு காலியாகவே இருக்கும். ஆனாலும் ஏற்ற மாட்டார்கள்!

என்ன காரணம்? எடை! விமானம் இவ்வளவு எடையோடுதான் மேலே எழும்பலாம் என்று கணக்கு இருக்கிறது. வெயில் கடுமையாக இருந்தால் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கை விமானத்தைத் தூக்குவது கடினம். இஞ்சினின் பலமும் குறையும். மேட்டு நிலத்திலும் அப்படியே. டென்வர் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. கோடைக்காலத்தில் அங்கே இந்தத் தொல்லை அதிகம்.

எதிர்க் காற்று பலமாக இருந்தால் எரிபொருள் அதிகம் நிரப்ப வேண்டும். எரிபொருள் கூடினால் ஆட்களைக் குறைக்க வேண்டும். முதலில் யாரைக் குறைப்பார்கள்? கடைசிப் பந்திக்காரர்களைத்தான்!

கூட யார் வரலாம்?

கணவன் வரலாம். மனைவி வரலாம். பிள்ளைகள் வரலாம். பெற்றோரும் வரலாம். சரி, கல்யாணம் ஆகாதவர்? அவருக்குத் துணை வர யாருமே கூடாதா?

இந்தக் கேள்வி ஒரு நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனது!

இஸ்ரேல் நாட்டில் "எல் ஆல்" என்ற விமானக் கம்பெனி இருக்கிறது. ஊழியருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் ஆண்டுதோறும் டிக்கெட் சலுகை கொடுப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். தாலி கட்டிய மனைவிதான் வேண்டும் என்பதில்லை. கல்யாணப் பதிவு இல்லாமல், ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூடக் கொடுத்தது.

அங்கே விமானப் பணியாளராக இருந்தவர் ஜோனதன் டானிலோவிட்ஸ். அவருடைய வாழ்க்கைத் துணை ஓர் ஆண். பல ஆண்டுகளாக இருவரும் ஒரே வீட்டில், ஒரே குடும்பமாக வாழ்ந்து வந்தார்கள். "என் துணைக்கும் அந்த டிக்கெட்டைக் கொடுங்கள்" என்று அவர் கேட்டார். "முடியாது" என்றது கம்பெனி.

அவர் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். கம்பெனி விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 1994-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம். டானிலோவிட்ஸ் வென்றார்!

நீதிபதிகள் சொன்ன காரணம் எளிமையானது. இந்தச் சலுகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? ஒருவர் தம் வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ளும் துணைக்காக! அப்படி இருக்கும்போது, ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பது பாரபட்சம் என்று கோர்ட்டு கூறிவிட்டது.

ஒரே ஒரு டிக்கெட் பற்றிய வழக்குதான். ஆனால், "குடும்பம் என்றால் யார்?" என்ற பெரிய கேள்வி அதற்குள் இருந்தது. அந்த நாட்டில் சம உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்த வழக்கைச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே விவகாரம் கிளம்பியது. 1996-ல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகரத்தோடு ஒப்பந்தம் செய்யும் கம்பெனிகள், கணவன் மனைவிக்குக் கொடுக்கும் சலுகைகளைச் சேர்ந்து வாழும் துணைவருக்கும் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். விமான நிலையம் நகரத்துக்குச் சொந்தம். ஆகவே விமானக் கம்பெனிகளுக்கும் சட்டம் பொருந்தும்! கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடின. ஆனாலும் 1999-ம் ஆண்டில் யுனைடெட், அமெரிக்கன், யு.எஸ். ஏர்வேஸ் ஆகிய பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துணைவர்களுக்கும் ஊழியர் சலுகைகளை அறிவித்தன.

இப்போது பல கம்பெனிகளில், கல்யாணம் ஆகாத ஊழியர் ஒருவரை "துணைப் பிரயாணி" என்று பதிவு செய்துகொள்ளலாம். அவர் சகோதரியாகவும் இருக்கலாம், தோழனாகவும் இருக்கலாம். ஆனால், வரிச் சட்டம் குடும்பமாகக் கருதாதவர் பயணம் செய்தால், அந்தப் பயணத்தின் மதிப்பு ஊழியரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். அதற்கு ஊழியர் வரி கட்ட வேண்டும்!

நண்பனுக்கு ஒரு பாஸ்

"உனக்குத்தான் விமானக் கம்பெனியில் வேலையாயிற்றே! எனக்கு ஒரு பாஸ் கொடேன்!"

விமான ஊழியர் யாரைக் கேட்டாலும், இந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்பார்.

நண்பர்களுக்கென்று தனிப் பாஸ் உண்டு. "படி பாஸ்" என்பார்கள். "படி" என்றால் தோழன். ஆண்டுக்கு இத்தனை என்று அளவாகக் கொடுப்பார்கள். ஆனால் அது இனாம் அல்ல! தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. வெளிநாடு என்றால் வரியும் சேரும். பட்டியலிலோ கடைசி இடம். சில சமயம், முன்கூட்டியே வாங்கும் சாதாரண மலிவு டிக்கெட்டே இதைவிடச் சௌகரியமாக இருக்கும்!

இந்தப் பாஸை விற்கக் கூடாது. விற்றால் ஊழியரின் வேலையே போய்விடும். நண்பர் வாசலில் சண்டை போட்டாலும் பாஸ் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு குடும்பமே பாஸை இழப்பதும் உண்டு.

உடையால் வந்த தடை

2017-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி. டென்வர் விமான நிலையம். மினியாபோலிஸ் நகருக்குப் போகும் யுனைடெட் விமானத்தில் ஏற இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். அவர்கள் அணிந்திருந்தது "லெக்கிங்ஸ்". காலோடு ஒட்டிய கால்சட்டை. "இந்த உடையில் ஏற முடியாது" என்று சொல்லிவிட்டார்கள் சிப்பந்திகள்.

பக்கத்தில் இருந்த ஒருவர் இதை உலகத்துக்கே தெரிவித்துவிட்டார். "பெண்களின் உடையைப் பற்றிப் பேச நீங்கள் யார்?" என்று நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் ஊழியர் பாஸில் வந்தவர்கள்! பணம் கொடுத்த பிரயாணி லெக்கிங்ஸோடு தாராளமாக ஏறலாம். பாஸில் வருகிறவர் கம்பெனியின் பிரதிநிதி. அவருக்கு உடைக் கட்டுப்பாடு உண்டு என்று கம்பெனி விளக்கம் சொன்னது.

அந்தக் கட்டுப்பாடு நியாயமா என்று பலர் கேட்டார்கள். நியாயமோ இல்லையோ, ஊழியர் குடும்பத்தார் அன்றிலிருந்து பயண உடையை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்கிறார்கள். அட்லாண்டாத் தாயும் பிள்ளைகளும் பாங்காக உடுத்தியிருந்ததன் காரணம் இதுதான்.

அவர்கள் வேறு, இவர்கள் வேறு

அடுத்த இரண்டே வாரத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. ஏப்ரல் 9-ந் தேதி. சிகாகோவில் இருந்து லூயிவில் போக வேண்டிய விமானம். பணம் கொடுத்த பிரயாணிகள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது நான்கு ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். யாரும் இறங்கவில்லை. நான்கு பேரைக் கம்பெனியே தேர்ந்தெடுத்தது. ஒருவர் மறுத்தார். அவர் ஒரு டாக்டர். காவலர்கள் அவரைத் தரையோடு இழுத்துச் சென்றார்கள். அவருடைய மூக்கெலும்பு உடைந்தது. இரண்டு பற்கள் போயின. உலகமே கொதித்தது.

"இனாமாகப் பறக்கும் ஊழியருக்காகவா இந்தக் கொடுமை?" என்று பலர் கேட்டார்கள். அது தவறான எண்ணம். அந்த நால்வரும் உல்லாசப் பயணம் போனவர்கள் அல்ல. மறுநாள் லூயிவில்லில் இருந்து புறப்பட வேண்டிய விமானத்தில் வேலை பார்க்கக் கம்பெனியே அனுப்பியவர்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஊழியருக்காக, உட்கார்ந்த பிரயாணியை யாரும் எழுப்புவதில்லை!

கம்பெனி பாடம் கற்றது. வேலைக்காகப் போகும் ஊழியருக்கு, புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே இடம் ஒதுக்கிவிட வேண்டும் என்று விதி செய்தது. தானாக இடத்தை விட்டுக்கொடுக்கும் பிரயாணிக்கு 10,000 டாலர் வரை கொடுக்கலாம் என்றும் அறிவித்தது.

வேலைக்குப் போகவும் காத்திருப்பு!

உல்லாசப் பயணம் தவறினால் மனம்தான் வாடும். ஆனால் பல விமானிகளும் பணிப்பெண்களும் வேலைக்குப் போவதற்கே இப்படிக் காத்திருக்கிறார்கள்! வீடு ஓர் ஊரில். வேலை தொடங்கும் விமான நிலையம் ஆயிரம் மைலுக்கு அப்பால். வேலை தொடங்கும் ஊரில் வீட்டு வாடகை அதிகம். ஆகவே காலி இடத்தில் பறந்து வேலைக்கு வருவார்கள். விமானிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. விமானி அறையில் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். "ஜம்ப் சீட்" என்பார்கள். மற்ற விமானி அனுமதித்தால் அதில் உட்கார்ந்து வரலாம்.

வசதிதான். ஆனால் தூக்கம்?

2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு, கோல்கன் ஏர் கம்பெனியின் விமானம் ஒன்று, பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் மாண்டார்கள். வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்.

விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது. துணை விமானியின் வீடு இருந்தது நாட்டின் மேற்குக் கோடியில், சியாட்டில் பக்கம். வேலை தொடங்கும் இடம் கிழக்குக் கோடியில், நியூவார்க். முதல் நாள் இரவு அவர் சரக்கு விமானத்தில் ஏறி மெம்பிஸ் வந்தார். அங்கே இன்னொரு சரக்கு விமானம் மாறினார். விடியும் நேரத்தில்தான் நியூவார்க் வந்து சேர்ந்தார். படுக்கையில் படுத்து உறங்கிய இரவு அல்ல அது!

விபத்துக்கு முதல் காரணம் வேறு. விமானம் வேகம் குறைந்து தடுமாறியபோது, தலைமை விமானி செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டார் என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். ஆனாலும் இரு விமானிகளும் களைப்பாக இருந்திருக்கக்கூடும் என்றும், தொலைவில் இருந்து வேலைக்கு வரும் வழக்கத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். பிறகு விமானிகளின் ஓய்வு பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2014-ம் ஆண்டு ஜனவரியில் அவை அமலுக்கு வந்தன.

இனாம் சீட்டு, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கும். களைப்பைக் குறைக்காது!

அனுபவசாலிகள் சொல்லும் யோசனை

பல ஆண்டு காத்திருந்து பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனைகள் சில:

நாளின் முதல் விமானத்துக்குப் போ. அதிகாலையில் எழுந்திருக்க முடியாமல் சிலர் வராமல் இருந்துவிடுவார்கள். அது கிடைக்காவிட்டாலும் அன்றைக்கே வேறு விமானங்கள் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரே விமானம் போகும் ஊருக்குப் போகாதே. போனால், திரும்பி வர டிக்கெட் வாங்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்.

பெட்டியைச் சரக்கில் போடாதே. நீ இங்கேயும் பெட்டி அங்கேயும் ஆகிவிடும்!

பண்டிகைக் காலத்தில் வீட்டில் இரு.

கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் போவதானால், பாஸை நம்பாதே. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கு.

வாசலில் இருக்கும் சிப்பந்தியைத் தொந்தரவு செய்யாதே. அவர் உன் பெயரைப் பார்த்துவிட்டார். இடம் இருந்தால் கூப்பிடுவார்.

கொடுத்த இடத்தில் உட்கார். கடைசி வரிசையாக இருந்தாலும் சரி, இருவருக்கு நடுவே நெருக்கமாக இருந்தாலும் சரி.

பக்கத்தில் இருப்பவர் 500 டாலர் கொடுத்து வந்திருப்பார். "எனக்கு இனாம்" என்று அவரிடம் சொல்லாதே!

இன்னும் ஒன்று உண்டு. கம்பெனி உள்ள வரைதான் பாஸ். 1991-ம் ஆண்டில் ஈஸ்டர்ன், பான் ஆம் என்ற இரண்டு புகழ்பெற்ற அமெரிக்க விமானக் கம்பெனிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போயிற்று. அதோடு, சொந்தக் கம்பெனி விமானத்தில் பறக்கும் உரிமையும் போயிற்று.

அந்தத் தாய் என்ன ஆனார்?

அட்லாண்டாவுக்குத் திரும்புவோம். இரண்டு இடம். மூன்று பேர். வாசல் சிப்பந்தி தாயை அழைத்தார்.

"இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?"

தாய் பிள்ளைகளைப் பார்த்தார். பெரியவர்களாக இருந்தால் பிரிந்து போகலாம். ஒருவர் இதில், ஒருவர் அடுத்ததில் என்று ஏறலாம். சின்னக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியுமா?

"அடுத்த பெயரைக் கூப்பிடுங்கள்" என்றார் தாய்.

ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரி மாணவர். இருவரும் தாய்க்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. சிறுமி அழுதாள். மறுநாள் சியாட்டிலில் அவளுடைய பாட்டிக்கு 70-வது பிறந்தநாள்!

மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். கட்டிய பையை அவிழ்க்கவில்லை. அதிகாலை 4 மணிக்கு எழுந்து மறுபடியும் விமான நிலையத்துக்கு வந்தார்கள்.

6 மணி விமானம். பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. கடைசியில் இவர்கள் பெயர்! மூன்று இடம் கிடைத்தது. தாய்க்கும் மகளுக்கும் கடைசி வரிசை. மகனுக்கு அதற்கு முன் வரிசை.

அட்லாண்டாவுக்கும் சியாட்டிலுக்கும் கடிகாரத்தில் 3 மணி நேர வித்தியாசம். 5 மணி நேரம் பறந்தும், அங்கே காலை 8 மணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். பாட்டி கேக் வெட்டுவதற்கு முன்பே போய்விடலாம்!

விமானம் மேலே எழும்பியது. சிறுவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"அம்மா, நேற்று நம்மை ஏன் ஏற்றவில்லை?"

"நேற்று விருந்தாளிகள் அதிகம், கண்ணே!" என்றார் தாய்.